கம்பளியைப் பற்றி யார் சொல்வது?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகலாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என் அக்காள் மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, எங்கப்பா என்ன வேலை செய்றார்னு கேட்டா நான் என்ன சொல்லணும்?"

அவளுடைய அப்பா கொத்தனார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, இந்த நாகலாபுரத்திலும் பிச்சாட்டூரிலும் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர். கரணை பிடித்துப் பிடித்து வலது கைக் கட்டைவிரல் வளைந்துபோன மனிதர். அந்தக் கையால் மகளை எஞ்சினியர் ஆக்கியவர். மகளுக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது.

"கொத்தனார்னு சொல்லு. இதில் என்ன சந்தேகம்?" என்றேன்.

"அப்படிச் சொல்லக் கூடாதாம் மாமா. பில்டிங் கான்ட்ராக்டர்னு சொல்லணுமாம். ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்க."

எந்த ஆபீஸ்? வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ். கண்ணாடிக் கதவு, குளிர் மெஷின், சுவரில் லண்டன் மணிக்கூண்டுப் படம். பிள்ளைகளைப் 'பக்குவப்படுத்த' அங்கே பதினைந்து நாள் வகுப்பு; அதற்குத் தனிப் பணம். எப்படிக் கைகுலுக்குவது, முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, 'சார்' என்று எத்தனை முறை சொல்லக் கூடாது, பேசும்போது தலையை எப்படி ஆட்டக் கூடாது என்று பாடம். பாடத்தின் கடைசி அத்தியாயம்: அப்பாவை எப்படி மறைப்பது.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கலாசார அதிர்ச்சிக்கு முன்தயாரிப்பு'. ஊர் விட்டு ஊர் போனால் உணவு, உடை, பேச்சு எல்லாம் மாறும், மனம் குழம்பும், அதற்கு இப்போதே தயாராக வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கேட்கிறேன்: அந்தப் பெண் இன்னும் விமானத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் அவளுக்கு அதிர்ச்சி கொடுத்தது எந்த நாட்டுக் கலாசாரம்? இங்கிலாந்தா, இந்தக் கண்ணாடிக் கதவா?

ஒரு கிளார்க்கின் கதை

நான் பத்தாவது படித்த ரயில்வே குமாஸ்தா. படித்தவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று சிலர் சொல்லலாம். ஆகவே இன்னொரு குமாஸ்தாவை சாட்சிக்கு அழைக்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கு எழுதியவர். பெயர் சீனிவாச ராமானுஜன்.

1914இல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார்கள். ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை. அவரையும் அன்று 'பக்குவப்படுத்தினார்கள்'. குடுமியை வெட்டினார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்தால் தாங்கமாட்டார்கள் என்று தாயாரையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். காலர், டை, கால்சட்டை வாங்கிக் கொடுத்தார்கள். கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடப் பழக்கினார்கள். 1914 மார்ச் 17ஆம் தேதி 'நெவாசா' கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

அங்கே என்ன நடந்தது? அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். குளிரில் ராமானுஜன் தூங்க முடியாமல் தவித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டும், சால்வையைச் சுற்றிக்கொண்டும் படுத்தார். மகலனோபிஸ் அறைக்குப் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன! மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்பு போட்டு, அழகாக மூடி வைத்திருக்கிறார்கள். அதை இழுத்துவிட்டு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது அந்த மேதைக்குத் தெரியவில்லை. அவர் விரிப்புக்கு மேலேயே படுத்திருந்தார்.

தோழர்களே, இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். கத்தியும் முள்கரண்டியும் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட கம்பளியைப் பற்றிச் சொல்லவில்லை! மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். குளிரில் எப்படி உயிரோடு இருப்பது என்பதற்குப் பயிற்சி இல்லை. சைவ உணவுக்காரர், தானே சமைத்துச் சாப்பிட்டார், முதல் உலகப் போர் வந்து உணவுத் தட்டுப்பாடும் வந்தது. 1917இல் நோயில் விழுந்தார். 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

கடல் கடந்தவர் என்பதால் வைதிக உறவினர் பலர் அவர் சாவுக்கும் வரவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அந்தச் சமூகம் அவருக்குக் கொடுத்த முன்தயாரிப்பு ஒரு கத்திரிக்கோல். செத்தபோது கொடுத்தது ஒரு விலக்கு.

கடல் கடப்பது பாவம் என்று சொன்ன சாத்திரக்காரர்களை எங்கள் ஊருக்கு அழைத்து வாருங்கள். நாகலாபுரத்து வேதநாராயண சாமி கோயிலைக் காட்டுகிறேன். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாள் பெயரால் ஊரை அமைத்துக் கட்டிய கோயில். உள்ளே இருப்பது மச்ச அவதாரம். அசுரன் திருடிய வேதத்தைக் கடலுக்குள் போய் மீட்டு வந்த கதை. சாமியே புத்தகத்துக்காகக் கடலில் குதித்திருக்கிறார். பக்தன் மட்டும் குதித்தால் தோஷமா? எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். ஆனால் கதை நம் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது.

அதிர்ச்சி எந்தப் பக்கம்?

இன்னொரு மாணவரையும் நினைத்துப் பாருங்கள். 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் நியூயார்க் போனார் அம்பேத்கர். அங்கும் பிறகு லண்டனிலும் இருந்த காலத்தில், தாம் தீண்டப்படாதவர் என்ற நினைப்பே தம்மை விட்டுப் போய்விட்டது என்று அவர் பிற்பாடு எழுதினார். ஊர் திரும்பி, 1917இல் பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து வெளியே துரத்தினார்கள். இந்த அனுபவத்தை அவர் எழுதிய சிறு நூலின் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அதிர்ச்சி அவருக்குப் போன இடத்தில் இல்லை, திரும்பி வந்த இடத்தில்தான் இருந்தது.

எனவே 'வெளிநாட்டுக்குப் போனால் அதிர்ச்சி, ஊரில் இருந்தால் அமைதி' என்று பேசுகிறவர்கள் மேல் ஜாதிக்காரர்களாகவோ, மேல் மாடிக்காரர்களாகவோ இருக்க வேண்டும். உழைக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொரு வாசற்படியும் ஒரு வெளிநாடுதான்.

என் அக்காள் மகளின் முதல் வெளிநாடு எது தெரியுமா? ஒன்றாம் வகுப்பு. வீட்டில் தமிழ். பள்ளியில் தெலுங்கு. முதல் நாள் டீச்சர் ஏதோ கேட்டுவிட்டு "செப்பு, செப்பு" என்றாராம். 'சொல்லு' என்று அர்த்தம். இவளோ விளையாட்டுச் சொப்பைக் கேட்கிறார் என்று நினைத்துப் பையைத் துழாவினாளாம். வகுப்பே சிரித்ததாம். அன்று மாலை அழுதுகொண்டு வந்த பிள்ளை, மூன்றாம் வகுப்பில் தெலுங்குப் பத்தியத்தில் பரிசு வாங்கினாள். பிறகு கல்லூரியில் இங்கிலீஷ். அதுவும் வந்தது. ஐந்து வயதில் இதைத் தாண்டிய பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதில் முள்கரண்டி ஒரு கஷ்டமா?

இந்தச் சித்தூர் மண் 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1இல் எல்லையை மறுபடி திருத்தினார்கள். திருத்தணி அங்கே போயிற்று, சத்தியவேடு இங்கே வந்தது. 2022 ஏப்ரலில் மாவட்டத்தையும் பிரித்தார்கள். சித்தூர்க்காரர்களாக இருந்த நாங்கள் ஒரு காலை எழுந்தபோது திருப்பதி மாவட்டத்துக்காரர்கள். உட்கார்ந்த இடத்திலேயே முகவரி மாறிப் பழகியவர்கள் நாம். பிழைக்க வந்தவர்களானாலும் சரி, கோடு தாண்டி வந்து நம்மைப் பிடித்தாலும் சரி, இரண்டு மொழியில் வாழத் தெரிந்தவர்கள். இதைப் பலவீனம் என்று நம் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பெயரைத் தின்னும் படிவம்

படிவம் நிரப்ப உட்கார்ந்தபோது அடுத்த அதிர்ச்சி. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். தெலுங்குக்காரர்களுக்கு இன்டிபேரு உண்டு. பள்ளிப் பதிவேட்டிலேயே "மீ இன்டிபேரு ஏமிட்டி?" என்று கேட்டார்கள், பிள்ளையின் அப்பா முழித்தார். இப்போது பாஸ்போர்ட்டும் குடும்பப் பெயர் கேட்கிறது.

அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால், அங்கே போனபின் அப்பா பெயரைச் சொல்லித்தான் பெண்ணைக் கூப்பிடுவார்கள். இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகி வரும். 'முதற்பெயர் தெரியாது' என்று பொருள். பெற்றவள் வைத்த பெயர் இருக்க, பிள்ளை பெயர் தெரியாதவனாக விமானம் ஏறுவான்! பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று இருந்தால் வங்கியில் ஒரு மாதம், நோட்டரியிடம் ஒரு மாதம் போகும்.

இதைப் பத்தாவது படிக்கும்போதே சரி செய்துகொள்ளலாம். ஆனால் எந்த வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? முள்கரண்டிக்கு மூன்று நாள். பெயருக்கு மூன்று நிமிஷம்கூட இல்லை.

28 நாள் வியாபாரம்

இப்போது பணத்துக்கு வருகிறேன். கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

இங்கிலாந்து விசாவுக்குப் படிப்புக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2025 தொடக்கத்தில் லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டு என்று வைத்தார்கள். 9 மாதத்துக்கு 10,224 பவுண்டு. அந்தப் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். இது தவிர, வைத்திய வரி ஆண்டுக்கு 776 பவுண்டு. காசநோய் இல்லை என்று மார்பைப் படம் எடுத்துச் சான்று.

கொத்தனார் வீட்டில் இவ்வளவு பணம் 28 நாள் தூங்குமா? தூங்காது. உடனே அந்த ஆபீஸில் ஒரு தம்பி மெதுவாகச் சொல்கிறார்: "கவலைப்படாதீங்க, நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். 28 நாளைக்குப் பணம் போட்டு எடுத்துக்குவார். வட்டி மட்டும் குடுத்தாப் போதும்." காட்டுவதற்கு மட்டும் பணம். ஷோ மணி! நாடகக் கொட்டகையில் ராஜா வேஷக்காரன் அட்டைக் கிரீடம் வைத்துக்கொள்வது போல, நம் வீட்டுப் பாஸ்புக்குக்கு 28 நாள் ராஜா வேஷம். திரை விழுந்ததும் கிரீடம் போய்விடும். வட்டி மட்டும் நிற்கும். அங்கே போய் இறங்கிய பிள்ளையின் கையில் அடுத்த மாத வாடகைக்குக் காசு இருக்காது. இதுதான் உண்மையான குளிர்! பணம் பொய் என்று கண்டுபிடித்தால் விசாவும் போகும். பத்தாண்டு வரை அந்த நாட்டு வாசலும் மூடிக்கொள்ளும்.

அந்த ஆபீஸ் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முறையான வங்கி தரும் கல்விக் கடன் அனுமதிக் கடிதத்தையே பணத்துக்குச் சான்றாகக் காட்டலாம். நாங்கள் நேரே விதிகளைத் தேடிப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டோம். வங்கியில் பொதுவாக உள்ள முறை: 4 லட்சம் வரை ஈடு இல்லை, அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் ஆள் ஜாமீன். அதற்கும் மேலே போனால் சொத்து ஈடு. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆக, கடைசியில் அக்காள் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. ஊர் வீட்டுக்கெல்லாம் சுவர் கட்டிவிட்டு, கடைசியாகத் தனக்கென்று மனிதர் கட்டிக்கொண்ட வீடு அது.

"அங்கே பார்ட் டைம் வேலை செய்து கடனை அடைத்துவிடலாம்" என்கிறார்கள். அடைக்க முடியுமா? கணக்குப் போடுவோம். பாட நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். வாரம் 244 பவுண்டு. மாதம் சுமார் 1,058. அந்த நாட்டு அரசாங்கமே ஒரு மாணவர் உயிர் வாழத் தேவை என்று அப்போது சொன்னது 1,136! ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல் உழைத்தாலும் சாப்பாட்டுக்கே 78 பவுண்டு துண்டு விழுந்தது. இதில் கடனை எங்கே அடைப்பது? பத்தாவது படித்தவன் போட்ட கணக்கு. பட்டம் படித்த ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே மறைக்கிறார்கள்.

கங்காணிக்குக் கண்ணாடிக் கதவு

1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போனது. கரும்புத் தோட்டத்தில் பணம் காய்க்கும் என்றுதான் அன்றும் ஆள் பிடித்தார்கள். மார்பைத் தட்டிப் பார்த்தார்கள், நம்பர் போட்டார்கள், கைநாட்டு வாங்கினார்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி அழைத்துப் போனான். படிக்கப் போகிற பிள்ளையும் கூலிக்குப் போனவரும் ஒன்றல்ல. இவர்கள் விரும்பிப் போகிறார்கள், திரும்பி வர டிக்கெட் உண்டு. ஆனால் ஆசையைக் காட்டி, உண்மையை மறைத்து, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுக்கும் தொழில் மட்டும் மாறவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கும் ஒவ்வொரு மாணவருக்கும் முகவர்களுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அது அங்கே ஒளிவுமறைவில்லாத வழக்கம். அங்கும் வாங்கிக்கொண்டு, நம்மிடமும் 'சர்வீஸ் சார்ஜ்' வாங்கினால் அதற்கு என்ன பெயர்?

ஏமாந்தால் என்ன ஆகும் என்பதை நம் மாநிலத்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். 2011இல் கலிபோர்னியாவில் 'ட்ரை வேலி' என்ற போலிப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அதில் சேர்ந்த இந்திய மாணவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்துப் பிள்ளைகள். சிலருடைய காலில் ரேடியோ வளையம் மாட்டினார்கள். 2019இல் மிச்சிகனில் 'ஃபார்மிங்டன்' விவகாரம். வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்கக் குடியேற்றத் துறையே நடத்திய பொய்ப் பல்கலைக்கழகம். அந்த ஜனவரியில் கைதான 130 பேரில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் இந்திய மாணவர்கள். அதிலும் தெலுங்குப் பிள்ளைகளே அதிகம். அவர்களில் சிலருக்கு விஷயம் தெரிந்தே இருக்கலாம். ஆனால் சேர்த்துவிட்டவன் கமிஷனை வாங்கிக்கொள்ள, பிள்ளை விலங்கை வாங்கிக்கொண்டது.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்குத் தெரியும்: 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு செய்தாக வேண்டும் என்றது, 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதன் விதி உச்சவரம்பு வைத்தது. மீறுகிறார்கள் என்பது வேறு; கேட்க ஒரு சட்டமாவது இருந்தது. படிக்க அனுப்பும் முகவரைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. பஞ்சாபில் 2012இல் தனிச் சட்டம் போட்டு, இத்தகைய ஆலோசனை ஆபீஸ்களும் உரிமம் பெற வேண்டும் என்றார்கள். கூலிக்குப் போகிறவனுக்கு ஒரு காகிதக் குடை. படிக்கப் போகிறவனுக்கு அதுவும் இல்லை. ஏன்? 'படிக்கப் போகிறவன் பணக்காரன், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு' என்ற பழைய நினைப்பு! கொத்தனார் மகளும் போகிற காலம் வந்துவிட்டது என்பது சட்டம் செய்கிறவர்களுக்கு எட்டவில்லை.

அரசாங்க உதவி? மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் தாழ்த்தப்பட்டோர், நிலமற்ற விவசாயக் கூலிகள், கைவினைஞர் முதலியோருக்கு நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடம். 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 'நிதி இருந்தால் பார்க்கலாம்'. ஆந்திர அரசு 2022இல் கொண்டுவந்த திட்டம், அப்போது உலகத் தரவரிசையில் முதல் 200 இடத்திலிருந்த பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் என்று இருந்தது. தமிழ்நாட்டின் உதவியைக் கேட்டால் 'இருப்பிடச் சான்று தமிழ்நாட்டில் உண்டா?' என்பார்கள். ஒரு மாநிலத்தில் பெற்ற ஜாதித் தகுதியை, குடிபெயர்ந்த மாநிலத்தில் கேட்க முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. வேலி மேல் உட்கார்ந்த காக்கைக்கு இரண்டு வயலிலும் தானியம் இல்லை. அந்தக் காக்கை நாம்தான்!

நம் வீட்டுக் குற்றம்

பிறரை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் அது நேர்மை ஆகாது. நாமும் குற்றவாளிகளே.

பிள்ளைக்கு விசா வந்ததும் ஊத்துக்கோட்டை ரோட்டில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுகிறோம். கல்யாணம் போலச் சாப்பாடு போடுகிறோம். 'அவன் மகன் போய்விட்டான், என் மகன் போகவில்லையே' என்று நகையை வைக்கிறோம். அங்கே போன பிள்ளை ஹோட்டலில் தட்டு கழுவுகிறான் என்றால் அதை மறைத்து, யாரோ ஒருவருடைய கார் பக்கத்தில் நின்ற படத்தைக் காட்டுகிறோம். தட்டு கழுவுவதில் என்ன கேவலம்? நாம் கழுவாத தட்டா? அந்தப் பொய்ப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடுகிறான். போனவன் அழுவதற்கும் வழி இல்லை. போன் செய்தால் "சாப்பிட்டியா, குளிருதா" என்று கேட்டுவிட்டு, அவன் "நல்லா இருக்கேன்" என்றதும் வைத்துவிடுகிறோம்.

ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "அப்படியானால் போகவே வேண்டாம் என்கிறாயா?"

இல்லை. ஆயிரம் முறை இல்லை. போக வேண்டும்! உலகத்தின் நூலகமும் ஆய்வுக்கூடமும் பணக்காரன் வீட்டுச் சொத்தா? மேஸ்திரி மகளும் லோடுமேன் மகனும் போக வேண்டும். ஆனால் திருடன் போலத் தகப்பனை மறைத்துக்கொண்டு போகக் கூடாது. அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு போகக் கூடாது. கணக்குத் தெரிந்து, விதி தெரிந்து, தலை நிமிர்ந்து போக வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

முதலாவது, ஒவ்வொரு கிளையிலும் மாதம் ஒரு ஞாயிறு மாலை. ஏற்கெனவே போய்ப் படிக்கும், படித்துத் திரும்பிய நம் பிள்ளைகள் பேசட்டும். மணிக்கூண்டுப் படம் வேண்டாம். வாடகை எவ்வளவு, முதல் மாதம் எப்படிப் போயிற்று, எந்த ராத்திரி அழுதார்கள், யார் உதவினார்கள், கம்பளியை எப்படி இழுப்பது என்று சொல்லட்டும். சாதம் வடிக்கவும் ரசம் வைக்கவும் ஆண்பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள். அது எந்தப் பயிற்சி வகுப்பையும்விட உபயோகம்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும் முன்பே பிள்ளைகளின் பெயரைப் பார்த்துச் சரி செய்யும் முகாம்.

மூன்றாவது, வங்கிக்குத் தனியாகப் போகாதீர்கள். சங்கத்து ஆள் ஒருவர் கூட வருவார். கடன் விதியை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, கோரிக்கை. படிக்க அனுப்பும் முகவர்களுக்கும் கட்டாயப் பதிவு, கட்டண உச்சவரம்பு, வாங்கும் கமிஷனை எழுதித் தொங்கவிடும் கடமை வேண்டும். மாநிலம் மாறிய தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஏதாவது ஓர் அரசு பொறுப்பேற்க வேண்டும். இதைச் சென்னையிலும் கேட்போம், அமராவதியிலும் கேட்போம், டெல்லியிலும் கேட்போம்.

கடைசியாக, என் அக்காள் மகள் கதையை முடிக்கிறேன். 28 நாள் வட்டிக்காரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வங்கிக் கடன் வரத் தாமதமானது. செப்டம்பர் சேர்க்கை போயிற்று. அக்காள் நாலு நாள் என்னோடு பேசவில்லை. "உன் பிரசங்கத்தால் என் பொண்ணு படிப்பு கெட்டுது" என்றாள். அந்த வார்த்தை இன்னும் உள்ளே குத்திக்கொண்டு இருக்கிறது. ஜனவரிக்கு மாற்றித் தந்தார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் வீடியோவில் பேட்டி எடுத்தார்கள். படிப்புக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டார்களாம்.

"என் அப்பா கொத்தனார். அவர் கட்டிய வீட்டை வைத்து வங்கி கடன் கொடுக்கிறது" என்றாளாம்.

பேட்டி எடுத்த அம்மாள் எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். அவ்வளவுதான்! வானம் இடிந்து விழவில்லை. கதவு ஓட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் மட்டும், ஒன்றும் சொல்லாமல் கரணையைக் கழுவக் கொல்லைப்புறம் போனார்.

சேர்க்கை உறுதியாகிவிட்டது. பெட்டியில் இப்போது இரண்டு கம்பளி இருக்கின்றன. முள்கரண்டி இல்லை.